வண்டியில் செல்லுலார் மோடம்: ஷெட்டில் ஓடும், சாலையில் படுத்துவிடும்

வண்டி இருக்கும் இடத்தை மொபைல் நெட்வொர்க் வழியாக அனுப்பும் கருவிதான் செல்லுலார் மோடம். அதிர்வு தாங்கும், தூசி தாங்கும், வெயில் தாங்கும் என்று அதன் பெட்டியின் மேல் எழுதியிருக்கும். உண்மைதான், தாங்கும். ஆனால் அந்த உறுதிமொழி பெட்டிக்கு மட்டும். அதற்குள் போகும் வயர், கூரை மேல் இருக்கும் ஆன்டெனா, நாம் போட்ட சிம், நாம் தட்டிய செட்டிங் எதற்கும் அது பொருந்தாது. "டிராக்கிங் வரவில்லை" என்று திரும்பி வரும் வண்டிகளில் பெரும்பாலும் மோடம் நன்றாகவே இருக்கும். அதைச் சுற்றி நாம் செய்ததுதான் காலை வாரியிருக்கும். அதனால் பொருத்தும்போது நடக்கும் தவறுகளைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

மின் இணைப்பு

அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இதுதான். வண்டிக்கென்று செய்த மோடத்தில் பொதுவாக மூன்று வயர் இருக்கும். ஒன்று பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வர. இன்னொன்று எர்த். மூன்றாவது, சாவி போட்டிருக்கிறதா இல்லையா என்று மோடத்துக்குச் சொல்லும் இக்னிஷன் வயர். இந்த மூன்றாவது வயரின் வேலை புரியாததால் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது.

முதல் விதம், முழு மின்சாரத்தையுமே இக்னிஷன் லைனிலிருந்து எடுப்பது. சாவியை அணைத்த அடுத்த நொடி மோடம் செத்துவிடும். கடைசி இடத்தை அனுப்பக்கூட அதற்கு நேரம் இருக்காது. ஃபர்ம்வேர் (மோடத்தின் உள் மென்பொருள்) ஏறிக்கொண்டிருந்தால் பாதியில் அறுந்துபோகும். ஸ்டார்ட் செய்யும்போதும் தொல்லைதான். ஸ்டார்ட்டர் சுழலும் அந்தச் சில நொடிகளில் பல வண்டிகள் மற்ற சர்க்யூட்டுகளைத் துண்டித்துவிடும், அதனால் மோடம் மறுபடி முதலிலிருந்து பூட் ஆகும். அது எழுந்து, நெட்வொர்க்கைப் பிடித்து, ஜிபிஎஸ் இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை ஓரிரு நிமிடம் போய்விடும். ஒரு நாளைக்கு நாற்பது இடத்தில் நின்று பார்சல் கொடுக்கும் வண்டியில் ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கமும் வரைபடத்தில் காணாமல் போகும்.

இரண்டாவது விதம், இக்னிஷன் வயரையும் பேட்டரியோடு சேர்த்து முறுக்கிவிடுவது. "எப்பவும் ஆன்ல இருக்கட்டும்" என்று செய்வார்கள். மோடம் அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஆம்பியர்-அவர் பேட்டரி, கணக்குப்படி, 120 மணி நேரத்தில், அதாவது ஐந்து நாளில் காலி. ஸ்டார்ட்டர் அதுவரை காத்திருக்காது. வாரக் கடைசியில் நிறுத்திய வண்டியே திங்கட்கிழமை கிளம்பாமல் போகலாம். அப்புறம் ஓட்டுநர் முதல் வேலையாக மோடத்தின் வயரைப் பிடுங்கிப் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மூன்று வயரையும் அதனதன் இடத்தில் இணைப்பதே சரி. பிறகு மோடத்தின் செட்டிங்கில் இரண்டு விஷயங்களைத் தீர்மானியுங்கள். சாவி அணைந்த பின் எவ்வளவு நேரம் விழித்திருக்க வேண்டும் என்பது ஒன்று. எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே வேலை பார்க்கும் ஆம்புலன்ஸுக்கு ஒரு மணி நேரம் வேண்டியிருக்கும், சரக்கு வண்டிக்கு ஐந்து பத்து நிமிடம் போதும். பேட்டரி எவ்வளவு இறங்கினால் மோடம் தானே அணைய வேண்டும் என்பது இன்னொன்று. ஓய்வில் இருக்கும் நல்ல லெட்-ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட் அருகே காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் அதில் ஏறக்குறைய கால்வாசிதான் மிச்சம். 12 வோல்ட் வண்டிக்கு எழுதிய அந்த எல்லையை அப்படியே நகலெடுத்து 24 வோல்ட் லாரியில் போட்டால், பேட்டரி முற்றிலும் செத்தாலும் அது வேலை செய்யாது. ஒரே கான்ஃபிகரேஷன் ஃபைலை எல்லா வண்டிக்கும் ஏற்றும்போது இது எளிதாக நழுவிவிடும்.

ஃபியூஸ் எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். மோடத்துக்குப் பக்கத்தில் போட்டால் பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் ஃபியூஸ் காப்பது வயரைத்தான். எஞ்சின் அறையிலிருந்து கேபினுக்குள் வரும் இரும்புத் துளையில் வயர் உரசி, தோல் தேய்ந்து, ஷார்ட் ஆனால், அந்த இடத்துக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் வயர் முழுவதும் பழுக்கக் காயும், தீப்பிடிக்கும். ஆகவே ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில், துளையில் ரப்பர் வளையம். எர்த் எடுக்கும் போல்ட்டின் கீழே பெயின்டைச் சுரண்டிவிட்டு ரிங் லக் (வளைய முனை) போட்டு முடுக்குங்கள். பெயின்ட் மேல் பிடித்த எர்த் முதல் மழைக்காலம்வரை நடிக்கும்.

திடீர் மின்னழுத்தமும் உண்டு. எஞ்சின் ஓடும்போது பேட்டரி கிளாம்ப் கழன்றால், ஆல்டர்னேட்டர் தந்துகொண்டிருந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு வோல்டேஜ் எகிறும். தடுப்பு இல்லாத 12 வோல்ட் வண்டியில் அது 100 வோல்ட் வரை போகலாம், 24 வோல்ட் வண்டியில் 200. இதைத் தாங்குகிறதா என்று பார்ப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 16750 என்ற தரம் இருக்கிறது. நல்ல மோடம் அதில் தேறியிருக்கும். அதன் பக்கத்தில் அவசரத்துக்குக் கட்டிய சாதாரண ஸ்விட்ச், கேமரா, வோல்டேஜ் கன்வர்ட்டர் தேறியிருக்காது. சங்கிலியில் மெலிந்த கண்ணி அதுதான்.

ஆன்டெனா

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து தரைக்கு வரும் சிக்னல் ஏறக்குறைய மைனஸ் 130 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு, மைனஸில் இறங்க இறங்க மெல்லியது). செல் டவரிலிருந்து வருவதை விட அது மிக மெல்லியது. அதைக் கொண்டுபோய் டாஷ்போர்டின் இரும்புத் தகட்டுக்குக் கீழே ஒளித்து வைத்தால் எப்படி வேலை செய்யும்? கண்ணாடி வழியாகத் தெரியும் என்று நம்பி வைப்பவர்கள் உண்டு. சூட்டைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு பூசிய கண்ணாடியாக இருந்தால் அதுவும் சுவர் மாதிரிதான். திறந்த வானம் தெரியும் கூரையே நல்ல இடம்.

வண்டியில் போடும் ஜிபிஎஸ் ஆன்டெனா பெரும்பாலும் உள்ளே சிறிய ஆம்ப்ளிஃபயர் உள்ளது. அதற்கு 3 முதல் 5 வோல்ட் வரை மின்சாரம் மோடத்திலிருந்து அதே கேபிள் வழியாகவே போக வேண்டும். ஒரு ஆன்டெனாவை இரண்டு கருவிக்குப் பிரிக்க நடுவில் ஸ்ப்ளிட்டர் போட்டவர்கள், அது மின்சாரத்தை விடுகிறதா என்று பார்க்கத் தவறுவார்கள். ஆன்டெனா கூரையில் இருக்கும், கேபிள் நன்றாக இருக்கும், ஆனால் ஒரு செயற்கைக்கோள்கூடத் தெரியாது.

கனெக்டரில் ஒரு பொறி இருக்கிறது. எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்ற இரண்டு வகை ஆன்டெனா கனெக்டர்களும் வெளியே பார்க்க ஒன்றுபோல் இருக்கும், மரையும் பொருந்தும். ஆனால் ஒன்றில் ஊசி இருக்கும் இடத்தில் மற்றதில் துளை. மாற்றிப் போட்டால் இறுக்கமாக முடுக்கிக்கொள்ளும், நடுவில் மட்டும் தொடர்பே இருக்காது. வைஃபைக்கு வரும் ஆன்டெனாக்களில் ஆர்பி வகை அதிகம், அதை செல்லுலார் போர்ட்டில் போட்டுவிடுவது சகஜமாக நடக்கிறது. முடுக்கும் முன் உள்ளே எட்டிப் பாருங்கள்.

எல்டிஇ (4ஜி) மோடத்தில் செல்லுலார் ஆன்டெனாவுக்கு இரண்டு போர்ட் இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. சிக்னல் மோசமான இடத்தில் இரண்டாவது ஆன்டெனாதான் இணைப்பைக் காப்பாற்றும். அதைக் காலியாக விட்டாலும் ஷெட்டில் எல்லாம் நன்றாகத் தெரியும், நகர எல்லை தாண்டியதும் விட்டு விட்டு வரும்.

கேபிள் நீளத்தை அளந்து வாங்குங்கள். மெல்லிய ஆன்டெனா கேபிளில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபெல் (சிக்னல் இழப்பை அளக்கும் அலகு) போகும், அதிர்வெண் கூடக்கூட இன்னும் கூடப் போகும். மூன்று டெசிபெல் போனால் சிக்னலில் பாதி போச்சு. மிச்சமான கேபிளைச் சுருட்டி இருக்கைக்குக் கீழே கட்டி வைப்பது அந்தப் பாதியைக் காசு கொடுத்துத் தொலைப்பதுதான். கூரை ஃபைபர் என்றால், உலோகக் கூரையை நம்பி வடிவமைத்த ஆன்டெனா சரிவராது. கீழே ஒரு உலோகத் தகடு வைக்க வேண்டும், அல்லது தகடு தேவைப்படாத வகையை வாங்க வேண்டும்.

செல் ஆன்டெனாவையும் ஜிபிஎஸ் ஆன்டெனாவையும் ஒட்டி ஒட்டி வைக்காதீர்கள். எல்டிஇ பேண்ட் 13 என்ற அலைவரிசையில் மோடம் அனுப்புவது 777 முதல் 787 மெகாஹெர்ட்ஸ் வரை. அதை இரட்டித்தால் 1574 வரை வருகிறது. ஜிபிஎஸ் இருப்பது 1575.42இல். அந்த பேண்டைப் பயன்படுத்தும் நெட்வொர்க்கில், மோடம் முழு வலுவோடு அனுப்பும் நேரம் பார்த்து இடம் துள்ளுவதற்கு இது ஒரு காரணம்.

சிம், நெட்வொர்க், பாதுகாப்பு

மோடத்தை வாங்கும் முன்னரே நடக்கும் ஒரு தவறு: மின்சாரம் குறைவாக எடுக்கிறது, விலையும் குறைவு என்று என்பி-ஐஓடி (சிறு கருவிகளுக்கான குறைந்த வேக நெட்வொர்க்) வகையை வண்டிக்கு எடுப்பது. தண்ணீர் மீட்டர் போல ஓரிடத்தில் நிற்கும் பொருளுக்கு அது அருமை. ஓடும் வண்டி ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குப் போகும்போது இணைப்பைத் துண்டிக்காமல் கைமாற்றும் வசதி அதில் இல்லை. எல்டிஇயின் வேகப் பிரிவுகளான கேட்-எம்1, கேட்-1, கேட்-4 வகைகளில் உண்டு. வெறும் டிராக்கிங் என்றால் முதல் இரண்டே போதும். வண்டிக்குள் லேப்டாப், கேமரா எல்லாம் இணைக்க வேண்டும் என்றால் கேட்-4க்குக் குறையாமல் பாருங்கள். பழைய 3ஜி மோடம் மலிவாகக் கிடைத்தாலும் ஒதுக்கிவிடுங்கள். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 2022 பிப்ரவரியிலேயே தன் 3ஜியை அணைத்துவிட்டது, ஆஸ்திரேலியாவில் 2024இல் அணைந்தது.

சிம்மில் பின் (ரகசிய எண்) பூட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். ஏபிஎன் (சிம் நிறுவனத்தின் டேட்டா நுழைவாயில்) பெயரை ஒரு எழுத்து பிசகாமல் போடுங்கள்.

தூரத்திலிருந்து மோடத்துக்குள் நுழைய போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து உள்ளே வர வழி திறக்கும் செட்டிங்) போட்டுவிட்டு, ஏன் எட்டவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் ஏராளம். மோடத்துக்குக் கிடைத்த ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால், அல்லது 10 என்று தொடங்கினால், அது இணையத்தில் நேரடியாகத் தெரியும் முகவரி அல்ல. எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. மோடமே உங்கள் சர்வரை நோக்கி விபிஎன் (இணையத்துக்குள் பாதுகாப்பான தனிப் பாதை) போடட்டும். நேரடி முகவரி கிடைத்தாலும் நான் விபிஎன்னையே சொல்வேன். 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல் செய்த வேலை மிக எளியது: இணையத்தில் திறந்து கிடந்த கருவிகளில் தொழிற்சாலை பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தது. லட்சக்கணக்கான கருவிகள் கதவைத் திறந்துவிட்டன. பாஸ்வேர்டை மாற்றாத மோடம் வண்டி ஷெட்டை விட்டு வெளியே போகவே கூடாது.

விபிஎன் போட்டதும் அடுத்த சிக்கல் வரும். எல்லா வண்டியின் உள் நெட்வொர்க்கும் தொழிற்சாலை கொடுத்த 192.168.1 ஆகவே இருந்தால், எந்த வண்டியின் கேமராவைக் கேட்கிறீர்கள் என்று சர்வருக்குத் தெரியாது. இரண்டே வண்டி இருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுங்கள்: 10.20.1, 10.20.2 என்று. இருநூறு வண்டி ஓட ஆரம்பித்த பிறகு மாற்றுவது பெரும்பாடு.

வரைபடத்தில் வண்டி வேறு ஊரில் நிற்கிறதா?

ஜிபிஎஸ் மோடம் என்எம்இஏ என்ற பொது வடிவத்தில் 4530.0000 என்று ஒரு எண்ணைத் தரும். பலர் இதை 45.30 பாகை என்று படித்துவிடுவார்கள். அது 45 பாகை 30 கலை (60 கலை ஒரு பாகை), அதாவது 45.5 பாகை. இடைவெளி 0.2 பாகை, தரையில் சுமார் 22 கிலோமீட்டர். இந்தத் தவறின் கொடுமை, வண்டி நகர்வது போலவும் திரும்புவது போலவும் வரைபடத்தில் சரியாகவே தெரியும், இடம் மட்டும் வேறாக இருக்கும். அதே வரியில் வரும் வேகம் நாட் கணக்கில் இருக்கும், 1.852ஆல் பெருக்கினால்தான் கிலோமீட்டர். நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் வைத்தால், இரவுப் பணி முறை எல்லாம் தவறான தேதியில் பதிவாகும்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை இடத்தை அனுப்புவது? நிமிடத்துக்கு ஒன்று என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே ஒரு கிலோமீட்டர். வளைவெல்லாம் வெட்டுப்பட்டு வண்டி வயல்வெளி வழியாகப் போனது போலத் தெரியும். நொடிக்கு ஒன்று என்றால் டேட்டா பறக்கும். நேரத்தோடு திசை மாற்றத்தையும் சேர்த்து வையுங்கள். வண்டி திரும்பினால் உடனே அனுப்பு, நேராகப் போனால் அரை நிமிடத்துக்கு ஒன்று, நின்றால் பத்து நிமிடத்துக்கு ஒன்று. நிற்கும்போது ஜிபிஎஸ் சில மீட்டர் அங்கும் இங்கும் அலையும். அதை வடிகட்டாவிட்டால் நின்ற வண்டியும் இரவெல்லாம் கிலோமீட்டர் சேர்க்கும். சிக்னல் இல்லாத இடத்தில் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் வசதி அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல மோடங்களில் அதை நாமேதான் இயக்க வேண்டும்.

இணைப்பு தொங்கிவிட்டால் தானே ரீஸ்டார்ட் ஆகும்படி பிங் சோதனை (ஒரு சர்வரைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) வைப்பது நல்லது. ஆனால் ஒரே ஒரு சர்வரை நம்பி வைக்காதீர்கள். அந்த சர்வர் பராமரிப்புக்கு அரை மணி நேரம் நின்றால், குறை எதுவும் இல்லாத எல்லா வண்டிகளும் மாறி மாறி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். இரண்டு வெவ்வேறு முகவரிகளை வையுங்கள், இரண்டும் பல முறை பதில் தராவிட்டால் மட்டுமே ரீஸ்டார்ட்.

முதல் வண்டி

எல்லா வண்டியிலும் ஒரே வாரத்தில் பொருத்திவிடும் அவசரத்தை விடுங்கள். ஒரே ஒரு வண்டியில் போட்டு இரண்டு வாரம் ஓட்டுங்கள். திரையில் தெரியும் கோடுகளை எண்ணாமல், ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் வலு), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னலின் தரம்) எண்களைப் பதிவு செய்துகொண்டே ஓட்டுங்கள். ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 110க்குக் கீழே போகும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே சேமித்த புள்ளிகள் பிறகு வந்து சேர்கின்றனவா என்று பாருங்கள். ஒரு நாள் முழுக்க வெயிலில் நிறுத்துங்கள். ஒரு வாரக் கடைசி முழுக்க அணைத்து வைத்துவிட்டு, திங்கட்கிழமை ஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். ஒரு முறை வண்டியைக் கழுவி, கூரைத் துளையின் கீழே கை வைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு வண்டி எண், மோடத்தின் ஐஎம்இஐ (அடையாள எண்), சிம் எண், ஃபியூஸ் இருக்கும் இடத்தின் புகைப்படம், நான்கையும் ஒரே பதிவில் எழுதி வைத்துவிட்டு இரண்டாவது வண்டியின் கதவைத் திறங்கள்.