'யூனிட்டிலிருந்து பேசுகிறோம்' என்று போன் வந்தால்: ராணுவ வீடுகளுக்கு ஒரு செய்முறை

உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊர். என் கணவர் வடக்கே ராணுவத்தில் இருக்கிறார். சென்ற ஆண்டு ஒரு நாள் காலையில் அத்தை திண்ணையில் மல்லி கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இந்தி கலந்த தமிழ். "உங்கள் மகனுக்கு விபத்து. ஆபரேஷனுக்கு உடனே நாற்பதாயிரம் அனுப்புங்கள்." இரண்டு நாளாக அவரிடமிருந்து பேச்சில்லை. பாதி கட்டிய சரம் மடியிலிருந்து விழ, காதுத் தோட்டைக் கழற்றியபடியே அத்தை அடகுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். நான் போனை வாங்கி, "அவருடைய ஆர்மி நம்பரைச் சொல்லுங்கள்" என்றேன். இணைப்பு துண்டானது. சாயங்காலம் அவரே பேசினார். சிக்னல் இல்லாத இடத்தில் டூட்டியாம்.

இந்தத் திருட்டுக்கு மூலதனமே அந்த இரண்டு நாள் மௌனம்தான். உண்மையான செய்தி எந்த வழியாக வரும் என்று வீட்டுக்கு முன்பே தெரிந்திருந்தால் திருடனுக்குப் பிழைப்பில்லை. அதற்கான ஏற்பாடு இது.

படி 1: ஒரு நோட்டு

அடுத்த லீவில் அவர் வரும்போது உட்கார வைத்து எழுதி வாங்குங்கள். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், யூனிட் (அவர் இருக்கும் படைப்பிரிவு), 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்) என்று முடியும் தபால் முகவரி, யூனிட் அலுவலக எண், உடன் வேலை பார்க்கும் இருவரின் எண்கள். பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு அலுவலகத்தின் முகவரியும் வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) என்றால் பெங்களூரு. மதுரையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணியில் இருப்பவரின் குடும்பமும் அங்கே போய்க் கேட்கலாம்.

காகிதத்தில்தான் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டு வைத்தால் நாமே திருடனுக்குத் தாம்பூலம் வைத்து அழைத்த மாதிரி. அவர் இப்போது எந்த எல்லையில் நிற்கிறார் என்பது நோட்டிலும் வேண்டாம்.

படி 2: வீட்டுக் கேள்வி

குரலைக் கூடக் கணினியில் போலியாகச் செய்கிறார்கள். ஆகவே வீட்டாருக்கு மட்டும் பதில் தெரிந்த ஒரு கேள்வி வேண்டும். ஜல்லிக்கட்டுக் காளையின் பெயர் வேண்டாம், அது ஊருக்கே தெரியும், முகநூலிலும் இருக்கும். நாங்கள் வைத்தது, முதல் சம்பளத்தில் அத்தைக்கு அவர் எடுத்துக் கொடுத்த சேலையின் நிறம். ஒருமுறை நண்பர் போனிலிருந்து பேசியவர் "பச்சை" என்று சொல்லிவிட்டார். அத்தை பட்டென்று வைத்துவிட்டார். சேலை அரக்கு. இப்போது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

படி 3: அவசரம் நம் பக்கம் என்றால்

அப்பா மதுரை ராஜாஜி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறார், ராணுவத்தில் இருப்பவரோ போனில் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். யூனிட் அலுவலகத்தைக் கூப்பிட்டு முதலில் ஆர்மி நம்பர், ரேங்க், பெயர் சொல்லுங்கள். பிறகு என்ன நடந்தது, எந்த மருத்துவமனை, எந்த வார்டு, திரும்ப அழைக்க எந்த எண். அழுகை எல்லாம் அப்புறம். பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்நோயாளிச் சீட்டைப் படமெடுத்து வைத்திருந்தால், அவர் லீவு கேட்கும்போது கையில் சான்று இருக்கும்.

படி 4: சந்தேகப் போன்

பேச்சை வளர்க்காமல் வையுங்கள். நோட்டில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். அவர்கள் கொடுத்த எண்ணுக்கு அல்ல. பணியில் இருப்பவருக்கு ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், ஆபரேஷனுக்கு வீட்டிடம் பணம் கேட்கவே மாட்டார்கள். பணம் 'வருவதற்கு' யுபிஐ பின் போடச் சொன்னால் அது பணம் போகும் வழி. வீடியோவில் போலீஸ் உடுப்போடு மிரட்டும் 'டிஜிட்டல் கைது' நம் சட்டத்திலேயே கிடையாது. ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணைய ஏற்பாட்டில் ஓய்வூதியம் வாங்கும் தாத்தாக்களிடம் உயிர்ச்சான்று என்று சொல்லி ஓடிபி கேட்பதும் இதே வகைதான். யாரோ சொன்னார்கள் என்று *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்திவிட்டீர்களா? உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திரும்பியிருக்கலாம். ##002# அழுத்தினால் அது ரத்தாகும்.

இன்னொன்று. அடையாள அட்டையையும் கேன்டீன் கார்டையும் பெருமைக்காகப் படமாகப் போடாதீர்கள். 'ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், புல்லட் பைக் மலிவு' என்று இணையத்தில் விற்பவன் காட்டும் அட்டை அப்படி எடுத்ததாகவும் இருக்கலாம்.

படி 5: பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு மறைப்பதில்தான் நேரம் போகிறது. உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்த முடிந்தால்தான் உண்டு. கையில் இருக்க வேண்டியவை: யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம், அழைப்பு வந்த எண். அடுத்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். வரும் புகார் எண்ணை அதே நோட்டில் எழுதுங்கள். அழைப்புப் பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள்.