தலைசுற்றலும் காது மந்தமும்: கோளாறு உள்காதில் எங்கே என்று கண்டறிவது எப்படி

தலை சுற்றுகிறது என்று வருபவரிடம் முதலில் கேளுங்கள்: ஒருமுறை வந்தால் எவ்வளவு நேரம் நீடிக்கிறது? கிறுகிறுப்பா, மயக்கமா என்று விவரிக்கச் சொன்னால் பலர் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். நேரக் கணக்கு அவ்வளவாகத் தவறாது. அடுத்த கேள்வி, காது கேட்பது குறைந்ததா?

படுக்கையில் புரண்டதும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கி, காதும் நன்றாகக் கேட்டால் பெரும்பாலும் பி.பி.பி.வி. (உள்காதில் இடம்பெயர்ந்த சுண்ணாம்புத் துகளால், தலை நிலை மாறும்போது வரும் சுற்றல்). 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடித்து, ஒரு காதில் அடைப்பும் இரைச்சலும் வந்து போனால் மெனியர் (உள்காதில் திரவம் மிகும் நோய்). நாள்கணக்கில் விடாமல் சுற்றி, காது கேட்டால் வெஸ்டிபுலர் நியூரைடிஸ் (சமநிலை நரம்பின் அழற்சி), கேட்காவிட்டால் லேபிரிந்தைடிஸ் (உள்காதின் அழற்சி).

பி.பி.பி.வி.யை உறுதிசெய்ய டிக்ஸ்-ஹால்பைக் சோதனை போதும். நோயாளியைக் கால் நீட்டி உட்காரவைத்து, தலையைச் சோதிக்கும் காதுப் பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று படுக்கவையுங்கள். தலை கட்டில் விளிம்புக்குக் கீழே 20 டிகிரி தொங்கட்டும், கண் திறந்தே இருக்கட்டும். முதல் சில நொடிகள் ஒன்றும் நடக்காது. அதற்குள் எழுப்பிவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. 30 நொடியாவது காத்திருங்கள். கருவிழி மேல்நோக்கித் துடித்து, கீழே இருக்கும் காதுப் பக்கம் சுழன்றால், அந்தக் காதின் பின் அரைவட்டக் குழாயில் (தலை அசைவை உணரும் உள்காதுக் குழாய்களில் ஒன்று) துகள் புகுந்திருக்கிறது. கழுத்தெலும்பில் கடுமையான கோளாறு உள்ளவருக்கு இதைச் செய்யாதீர்கள்.

காது மந்தத்துக்கு, அழுக்கை எடுத்துவிட்டு, 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவிட்டு நெற்றி நடுவில் வையுங்கள். மந்தமான காதில் ஒலி உரக்கக் கேட்டால் தடை வெளிக்காதிலோ நடுக்காதிலோ. நல்ல காதில் கேட்டால் பழுது உள்காதில் அல்லது நரம்பில். பிறகு ஆடியோகிராம் (எந்த ஸ்தாயி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்). மெனியரின் தொடக்கத்தில் தாழ்ந்த ஸ்தாயியில்தான் சரிவு தெரியும்; அடுத்த தாக்குதலுக்குள் அது மறைந்தும் போகலாம் என்பதால் தாக்குதலை ஒட்டியே எடுப்பது நல்லது.

72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் கேட்கும் திறன் 30 டெசிபலாவது இறங்கியிருந்தால் அவசரம். சளி அடைப்பு என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்புவதில் ஸ்டீராய்டு பலிக்கும் முதல் இரண்டு வாரம் வீணாகிறது. ஒரு காது மட்டும் மந்தமானால், காது நரம்பில் கட்டி இல்லையென்று எம்.ஆர்.ஐ.யில் உறுதிசெய்யவும்.

விடாமல் சுற்றும்போது, நோயாளியை உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லி, அவர் தலையைச் சடாரென்று சிறிதளவு திருப்புங்கள். உள்காது பழுதென்றால் கண் விலகிப்போய்த் துள்ளித் திரும்பும். கண் அசையாமல் மூக்கிலேயே நின்றால் மூளைப் பக்கவாதத்தைச் சந்தேகியுங்கள். துள்ளினாலும், காதும் திடீரென மந்தமாகியிருந்தால் சந்தேகம் நீங்காது. உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபட்டாலும் இதே தோற்றம்தான்.