"புற்றுநோய் வருமா?" என்பதோடு "எவ்வளவு?" என்றும் கேளுங்கள்

புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்ததும் பலர் பதறிவிடுகிறார்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலையையும் பதப்படுத்திய இறைச்சியையும் ஒரே முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. அதனால் இரண்டும் சம ஆபத்து என்று நினைப்பது பெரிய தவறு. ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே அந்தப் பிரிவு சொல்கிறது. ஆபத்து எவ்வளவு என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கையும் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றால், நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று பொருளல்ல. ஏற்கெனவே நூறில் ஆறு பேருக்கு வருமென்றால், அது ஏழாகும். அவ்வளவுதான். நெடுங்காலம் புகைப்பவருக்கோ நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்கு எகிறுகிறது.

கதிர்வீச்சில் குழப்பம் இன்னும் அதிகம். உடலில் படும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகால் அளக்கிறார்கள். இயற்கையிலிருந்தே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நம்மேல் படுகிறது. மார்பு எக்ஸ்ரே ஒன்றில் கிடைப்பது 0.1 அல்லது அதற்கும் குறைவு. வயிற்று சி.டி. ஸ்கேனில் சுமார் 10. ஆக, "ஸ்கேன்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் இரண்டிலும் எக்ஸ்ரே, சி.டி.யில் உள்ள வகைக் கதிர்வீச்சே கிடையாது.

1000 மில்லிசீவர்ட்டுக்கு, புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம் கூடும் என்பது கதிர்வீச்சுப் பாதுகாப்பில் கையாளும் தோராயக் கணக்கு. அதன்படி அந்த 10 மில்லிசீவர்ட், இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கான கூடுதல் ஆபத்து. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களை ஆராய்ந்ததே இதற்கு முக்கிய அடிப்படை. 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே நேரடியாக அளந்து காட்டுவது மிகக் கடினம். பாதுகாப்பு கருதி, அளவு குறையக் குறைய ஆபத்தும் அதே விகிதத்தில் குறையும் என்று வைத்துக்கொள்கிறார்கள். எனவே "கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது" என்பதும் சரியல்ல. அதற்குப் பயந்து, மருத்துவர் அவசியம் என்று சொன்ன ஸ்கேனைத் தள்ளிப்போடுவது அதைவிடக் கெடுதல். குழந்தைக்கு எடுப்பதானால், அளவைக் குழந்தைக்கேற்பக் குறைத்திருக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். இளம் உடலை இது கூடுதலாகப் பாதிக்கும்.

காலத்தை மறப்பது இன்னொரு தவறு. "ஒரு நாளைக்கு நாலு சிகரெட்தான்" என்பவர் எத்தனை ஆண்டாக என்பதைச் சொல்வதில்லை. நுரையீரல் புற்றுநோயில் அந்த ஆண்டுக்கணக்கு, தினசரி எண்ணிக்கையைவிடக் கனமானது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியைச் சுவாசித்தவருக்கு நோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். இன்று நலமாக இருப்பதை வைத்து, அன்று பட்டது ஆபத்தில்லாத அளவு என்று முடிவுகட்ட முடியாது.