மேல்மாடி உப பலகைக்கு ஏர்த் கொடுக்கும் முறை

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கீழே உரிமையாளரும் மேலே வாடகைக்காரரும் குடியிருக்கும் வீடுகள் ஏராளம். மேல்மாடிக்கென, பிரதான பலகையிலிருந்து மின்சாரம் பெறும் ஓர் உப விநியோகப் பலகை பொருத்தும்போது, லைவ், நியூட்ரல் வயர்களில் காட்டும் கவனத்தைப் பலர் ஏர்த் (மண்ணிணைப்பு) வயரில் காட்டுவதில்லை. வேலையை அனுமதிப்பத்திரம் பெற்ற மின்னிணைப்பாளரே செய்ய வேண்டும். எனினும் எதைக் கேட்டுப் பார்ப்பது என்று வீட்டுக்காரர் அறிந்திருப்பது அவசியம்.

இங்கு பெரும்பாலான வீடுகளுக்கு வீதியிலிருந்து லைவும் நியூட்ரலும் மட்டுமே வருகின்றன; ஏர்த்தை வளவில் அறைந்த செப்புப்பூச்சுக் கம்பியிலிருந்து நாமே பெறுகிறோம். குளிர்சாதனப் பெட்டியின் உலோக உடலில் லைவ் பட்டுவிட்டால், மின்னோட்டம் மண் வழியாகவே திரும்ப வேண்டும். அந்தப் பாதையின் மொத்தத் தடை 50 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ற்றில் 4.6 அம்பியர்தான் ஓடும். அளவுக்கு மீறிய மின்னோட்டத்தில் மட்டும் துண்டிக்கும் 16 அம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் அதற்கு விழாது. நம்மைக் காப்பது, மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் 30 மில்லியம்பியர் டிரிப் சுவிட்சே.

பிரதான பலகையின் ஏர்த் பட்டையிலிருந்து (ஏர்த் வயர்கள் வந்து சேரும் உலோகத் துண்டு) உப பலகையின் ஏர்த் பட்டை வரை, பச்சை மஞ்சள் நிற வயர் ஒன்று மற்ற இரண்டுடனும் சேர்ந்தே செல்ல வேண்டும். லைவ் வயர் 16 சதுர மில்லிமீற்றர் வரையாயின், ஏர்த்தும் அதே பருமனில் இருப்பது பாதுகாப்பான வழி. பலகையின் பெட்டி உலோகமென்றால் அதையும் அந்தப் பட்டையுடன் இணைக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை ஏர்த்தாக நம்பக் கூடாது. நடுவில் ஒரு துண்டு பி.வி.சி. மாற்றப்பட்டாலே தொடர்பு அறுந்துவிடும்.

உப பலகையில் நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும் தனித்தனிப் பட்டைகள் இருக்க வேண்டும். இரண்டையும் எங்கும் இணைக்கக் கூடாது. அமெரிக்கக் காணொளிகளில் பிரதான பலகையில் இரண்டையும் சேர்ப்பதைக் காணலாம். அது அந்நாட்டு விநியோக முறைக்கு உரியது. நமது வீட்டில் டிரிப் சுவிட்சுக்குப் பின்னால் அப்படிச் சேர்த்தால், நியூட்ரல் மின்னோட்டத்தின் ஒரு பங்கு ஏர்த் வழியே போய், சுவிட்ச் காரணமின்றி அடிக்கடி விழும். அத்தொல்லை தாங்காமல் யாராவது சுவிட்சையே கழற்றிவிடுவதுதான் பேராபத்து.

ஒருமுறை உறவினர் வீட்டு மேல்மாடிப் பலகையைத் திறந்தபோது, பச்சை வயர் சுருட்டி, நுனியில் கறுப்பு டேப் ஒட்டி, பெட்டிக்குப் பின்னால் செருகப்பட்டிருந்தது. ஆனால் டிரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தியதும் அது ஒழுங்காக விழுந்தது. அந்தப் பொத்தான் சுவிட்சின் உட்பொறியை மட்டுமே சோதிக்கிறது. ஏர்த் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அன்றிலிருந்து நான் மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்க்காமல் எந்த வேலையையும் ஏற்பதில்லை.

வேலை முடிந்ததும் அளவீடுகளை எழுதித் தரச் சொல்லுங்கள். ஏர்த் கம்பியின் தடை 200 ஓமுக்குள் இருக்க வேண்டும். மண் காயும் மாதங்களில் அது கூடும். 500 வோல்ற்றில் பார்க்கும் காவல் தடை, அதாவது வயர் உறைகள் கசிவைத் தடுக்கும் அளவு, 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. 30 மில்லியம்பியர் கசிவில் சுவிட்ச் 300 மில்லிசெக்கனுக்குள் விழ வேண்டும்.

கீழும் மேலும் 30 மில்லியம்பியர் சுவிட்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், மாடியில் ஏற்படும் பழுதுக்குக் கீழ்வீடும் இருளக்கூடும். ஆகவே மாடிக்குப் போகும் வயரின் தொடக்கத்தில் தாமதித்து விழும் 100 மில்லியம்பியர் எஸ் வகைச் சுவிட்சையும், மாடிப் பலகையில் 30 மில்லியம்பியர் சுவிட்சையும் பொருத்தச் சொல்லுங்கள்.