தமிழ் பிரெயிலைச் சிலேட்டில் எழுதப் பழகுதல்: தொடக்க நிலைச் செய்முறை

பிரெயில் எழுதுவதற்குக் கணினியோ விலை கூடிய தட்டச்சுப் பொறியோ வேண்டியதில்லை. ஒரு பிரெயில் சிலேட்டு, ஸ்டைலஸ் எனப்படும் குத்தூசி, அட்டைபோல் சற்றே தடித்த தாள் ஆகிய மூன்றும் போதும். பார்வையற்ற பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் பெற்றோரையும் ஆசிரியரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: கட்டத்தை அறிதல்

லூயி பிரெயில் 1824-இல் உருவாக்கிய முறையில் ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு புள்ளிகளுக்கு இடமுண்டு. படிக்கும் பக்கத்தில், இடப்பத்தியில் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்றும் வலப்பத்தியில் 4, 5, 6 என்றும் எண்ணுகிறோம். தமிழுக்கு நாம் பின்பற்றுவது, 1951-இல் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெயில். ஆகவே தமிழின் ‘க’வும் இந்தியின் ‘க’வும் ஒரே வடிவம்தான்.

படி 2: எழுத்துகள்

உயிர் எழுத்துகள்: அ 1, ஆ 3-4-5, இ 2-4, ஈ 3-5, உ 1-3-6, ஊ 1-2-5-6, எ 2-6, ஏ 1-5, ஐ 3-4, ஒ 1-3-4-6, ஓ 1-3-5, ஔ 2-4-6.

மெய்வரிசை: க 1-3, ங 3-4-6, ச 1-4, ஞ 2-5, ட 2-3-4-5-6, ண 3-4-5-6, த 2-3-4-5, ந 1-3-4-5, ப 1-2-3-4, ம 1-3-4, ய 1-3-4-5-6, ர 1-2-3-5, ல 1-2-3, வ 1-2-3-6, ழ 1-2-3-5-6, ள 4-5-6, ற 1-2-4-5-6, ன 5-6.

ஆய்தத்துக்கு 6, மெய்யெழுத்தின் தலைப்புள்ளிக்கு 4. நாம் 247 எழுத்துகள் என்று எண்ணுவதை இந்த 32 வடிவங்களே தாங்கிவிடுகின்றன.

படி 3: சேர்த்து எழுதும் விதி

மெய்வரிசை வடிவம் தனியே நின்றால் அதனுள் அகரம் அடங்கியிருக்கும். வேறு உயிர் வந்தால் அதன் முழு வடிவத்தை மெய்யின் பின்னால் எழுத வேண்டும். கொம்பு, கால், சுழி எதுவும் தனியாகக் கிடையாது. அச்சில் ‘கொ’ என்பதற்கு முன்னும் பின்னும் குறிகள் நிற்க, பிரெயிலிலோ க, ஒ என்ற இரண்டு கட்டங்கள் ஒலிக்கும் வரிசையிலேயே அமைகின்றன. ‘கொடி’ என்பது க, ஒ, ட, இ என நான்கு கட்டங்கள்.

தலைப்புள்ளி மட்டும் இந்த ஒழுங்குக்கு விலக்கு; அது மெய்க்கு முன்னால் வரும். ‘அம்மா’ என்பதை 1, 4, 1-3-4, 1-3-4, 3-4-5 என்று எழுதுகிறோம். பின்வருவது மெய் என்று விரலுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதால், பழகியபின் இதுவே வசதியாகத் தோன்றும்.

படி 4: சிலேட்டில் குத்துதல்

சிலேட்டின் மேல்தகட்டில் கட்டங்கள் சன்னல்போல் திறந்திருக்கும், கீழ்த்தகட்டில் குழிகள் இருக்கும். இரண்டுக்கும் இடையில் தாளை வைத்து மூடிக் குத்தும்போது புள்ளி தாளின் அடிப்பக்கத்தில் மேடாக எழும்புகிறது. தாளைத் திருப்பித்தான் படிக்கப்போகிறோம் என்பதால் வரியை வலப்புறத்திலிருந்து தொடங்கி இடப்புறமாக நகர வேண்டும். ஒவ்வொரு சன்னலிலும் வலப்பத்தியே 1, 2, 3 ஆகும். ஸ்டைலஸைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, மெல்லிய ‘டக்’ ஒலி கேட்கும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். மிகுதியாக அழுத்தினால் தாள் கிழிந்து, புள்ளி விரலை உறுத்தும்.

படி 5: கண்ணாடிப் பிழைகளைப் பிடித்தல்

தொடங்குவோர் தடுமாறுவது எழுத்துகளை நினைவில் வைப்பதில் அன்று, இந்த இடவல மாற்றத்தில்தான். பத்தி மாறிக் குத்திய கட்டம் பல நேரங்களில் வெறும் கிறுக்கலாக நிற்காமல் வேறொரு தமிழ் எழுத்தாகவே மாறிவிடுகிறது. ல மாறினால் ள, ட மாறினால் ழ, வ மாறினால் ண, இ மாறினால் ஏ, ஈ மாறினால் எ, ஓ மாறினால் ஔ, உ மாறினால் ங. நான் பழகிய நாள்களில் ‘கல்’ என்று எழுதியதாக நினைத்துத் தாளை நீட்டினேன். தடவிப் பார்த்தவர் சிரித்துக்கொண்டே ‘கள்’ என்று படித்தார். கடைசிக் கட்டத்தில் மட்டும் வலப்பத்திக்குப் பதில் இடப்பத்தியில் மூன்று புள்ளிகளைக் குத்தியிருந்தேன். ஆகவே இந்த ஏழு இணைகளையும் தனித்தாளில் பத்துப் பத்து முறை எழுதி, ஒவ்வொரு வரி முடிந்ததும் தாளைத் திருப்பிச் சரிபாருங்கள். தவறான புள்ளியை நகத்தால் அழுத்தித் தட்டையாக்கலாம், ஆனால் அதன் தடம் விரலுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். தொடக்கத்தில் புதுத் தாளில் எழுதுவதே நல்லது.

படி 6: எண்கள்

எண்குறி 3-4-5-6, அதன்பின் 1, 1-2, 1-4, 1-4-5, 1-5, 1-2-4, 1-2-4-5, 1-2-5, 2-4, 2-4-5 ஆகியவை முறையே 1 முதல் 9 வரையும் 0-வும் ஆகின்றன. ‘25’ என்பதை 3-4-5-6, 1-2, 1-5 என்று எழுதுவோம். எண்குறியும் ணகரமும் ஒரே வடிவமாயிற்றே, குழப்பம் வராதா என்று கேட்பீர்கள். தமிழில் எந்தச் சொல்லும் ணகரத்தில் தொடங்குவதில்லை. ஆகவே அந்த வடிவம் சொல்லின் தொடக்கத்தில் வந்தால் எண், உள்ளே வந்தால் ணகரம்.