படுத்தும் தூக்கம் வரவில்லையா?

தர்மபுரியில் சாயங்காலம் ஆறு மணிக்கு டீக்கடைப் பக்கம் போனால் ஒரு டீ குடிக்காமல் திரும்ப முடியாது. தூக்கம் வராதவர்கள் முதலில் விட வேண்டியது அந்த டீயைத்தான். அதிலுள்ள, தூக்கத்தை விரட்டும் காஃபீனில் பாதி, சுமார் 5 மணி நேரம் கழித்தும் உடம்பிலேயே இருக்கும். நான் மதியம் 2 மணிக்கு மேல் டீயைத் தொடுவதில்லை. ராத்திரிக்குக் களி என்றால் எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள், வயிறு கனக்காது.

அப்புறம், படுத்து 20 நிமிடமாகியும் கண் சொக்கவில்லையா? புரண்டுகொண்டே கிடக்காதீர்கள். எழுந்துபோய்த் திண்ணையில் உட்காருங்கள். விளக்கு வேண்டாம், போன் உள்ளேயே இருக்கட்டும். கொட்டாவி வந்ததும் திரும்பப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும். இதுதான் கஷ்டம், ஆனால் எனக்குக் கைகொடுத்ததும் இதுதான்.

மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள்.