முயல், கினிப் பன்றி, ஃபெரட், ஓணான்: வீட்டில் வளர்க்கிறவர்கள் பல்லைக் கவனிப்பது எப்படி

நாய், பூனை என்றால் பிரஷ் வாங்கலாமா, எந்த பேஸ்ட் நல்லது என்று ஆரம்பித்துவிடலாம். முயலோ, சின்சில்லா என்கிற அடர்ந்த ரோமமுள்ள கொறிக்கும் பிராணியோ வளர்க்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: இதன் பல் சாகும்வரை வளர்கிற பல்லா, ஒரு தடவை முளைத்ததோடு நின்றுவிடுகிற பல்லா? இது தெரியாமல் கை வைத்தால் நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம்.

முயலுக்கு 28 பல், கினிப் பன்றிக்கும் சின்சில்லாவுக்கும் 20. இந்த மூன்றுக்கும் முன்பல், கடைவாய்ப்பல் எல்லாமே வளர்ந்துகொண்டே இருக்கும். முயலின் முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாம்ஸ்டருக்கும் எலிக்கும் முன்பல் மட்டும் வளரும். ஃபெரட் (கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள சின்ன மாமிசப் பிராணி), முள்ளெலி, சுகர் கிளைடர் (மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கித் தாவும் குட்டிப் பிராணி) மூன்றுக்கும் நம்மைப் போலத்தான், வளராது. சுகர் கிளைடருக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பல் நீளமாக முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து, பல் கூடுதலாக வளர்ந்துவிட்டது என்று வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது இருக்க வேண்டியதே அப்படித்தான், வெட்டினால் திரும்ப வளராது, வலியும் சீழும்தான் மிச்சம்.

முயல், கினிப் பன்றி, சின்சில்லா மூன்றின் வளர்கிற பல்லுக்கும் வைத்தியம் காய்ந்த புல்தான். திமோத்தி போன்ற புல் எந்நேரமும் முன்னால் கிடக்க வேண்டும், தீனியில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் அதுவே இருக்க வேண்டும். புல்லை மெல்லும்போது தாடை பக்கவாட்டில் அரைக்கிறது, கடைவாய்ப்பல் தேய்வது அந்த அசைவில்தான். கடையில் விற்கிற பெல்லட் என்கிற உருண்டைத் தீனியை இரண்டு கடி நொறுக்கி விழுங்கிவிடும், தேய்மானமே கிடையாது. கடித்து விளையாடக் கட்டை போட்டிருக்கிறேனே என்பார்கள். போடுங்கள், மருந்து, பெயின்ட் படாத மரமாக இருந்தால் சரி, ஆனால் அது முன்பல்லுக்குத்தான், உள்ளே இருக்கிற கடைவாய்ப்பல்லுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கடைகளில் தொங்கவிடுகிற உப்புக்கட்டி, தாதுக்கட்டி எல்லாம் வெறும் செலவு. தயிர் மிட்டாய் மாதிரி இனிப்புகளைத் தூக்கியே எறியலாம். கினிப் பன்றிக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: அதன் உடம்பால் வைட்டமின் சி தயாரிக்க முடியாது, தினமும் தீனியில் கிடைக்காவிட்டால் ஈறு கெட்டுப் பல் ஆட ஆரம்பித்துவிடும்.

அப்புறம், வாரம் ஒருமுறை வீட்டிலேயே பார்த்துவிடுவது. முயலை மல்லாக்கப் போடாதீர்கள், பயத்தில் உதைத்து முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். வழுக்காத துண்டின் மேல் உட்கார வைத்து, பின்பக்கத்தை உங்கள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேலுதட்டை இரண்டு பக்கமும் விரலால் லேசாக விலக்குங்கள். மேல்பல் கீழ்ப்பல்லுக்குச் சற்று முன்னால், உளி முனை மாதிரி நேராக இருக்க வேண்டும். மேல்பல்லின் நடுவே நீளவாக்கில் ஒரு கோடு தெரியும், அது விரிசல் அல்ல, முயலுக்கு இயல்பே அதுதான். நிறமும் ஆளுக்கு ஆள் மாறும்: முயலுக்கும் கினிப் பன்றிக்கும் வெள்ளை, எலிக்கும் சின்சில்லாவுக்கும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. சின்சில்லாவின் பல் வெளுத்துப்போனால்தான் கவலைப்பட வேண்டும். கடைசியாகக் கீழ்த்தாடையின் அடிவிளிம்பை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் மேடு தட்டுப்பட்டால் அது வேர் நீண்டதாகவோ சீழ்க்கட்டியாகவோ இருக்கலாம்.

இவ்வளவு பார்த்தாலும் கடைவாய்ப்பல் நம் கண்ணுக்குத் தெரியாது. கோளாறு பெரும்பாலும் அங்கேதான். தேயாத பல்லின் ஓரம் முள்ளாக நீண்டு நாக்கையோ கன்னத்தையோ குத்தும், கினிப் பன்றிக்கு இரண்டு பக்கத்துக் கீழ்ப்பல்லும் வளைந்து நாக்கின் மேல் பாலம் போட்டுவிடும். அதனால்தான் என்னைக் கேட்டால் வீட்டில் இருக்க வேண்டிய முதல் கருவி ஒரு சமையலறைத் தராசு. வாராவாரம் எடை போட்டு எழுதி வையுங்கள். இந்தப் பிராணிகள் வலியை வெளியே காட்டாது, பசியோடு தட்டுக்கு ஓடி வந்து, வாயில் எடுத்து, கீழே போட்டுவிட்டுப் போகும். சாப்பிடுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், தராசு உண்மையைச் சொல்லிவிடும். தாடை நனைந்திருப்பது, புல்லை விட்டுவிட்டு மெத்தென்றதை மட்டும் தேடுவது, புழுக்கை சிறுத்துப்போவது, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிவது, இதில் எதைப் பார்த்தாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள். முயல் அரை நாள் எதையுமே தொடவில்லை என்றால் அது அவசரம், குடல் நின்றுவிடும்.

நீண்ட முன்பல்லை நகவெட்டியால் நறுக்குகிற வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. செய்யவே செய்யாதீர்கள். பல் நெடுக விரிசல் விட்டு வேர்வரை போய்ச் சீழ் பிடிக்கும். மருத்துவர்கள் சுழல் கருவியால் தேய்த்துச் சமன் செய்வார்கள், கடைவாய்ப்பல் என்றால் மயக்க மருந்து கொடுத்துத்தான். வேரைப் பார்க்க எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் காசு பிடுங்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், பல்லின் பெரும்பகுதி ஈறுக்குள்ளேதான் இருக்கிறது. ஒன்று கவனியுங்கள்: மயக்க மருந்துக்கு முன்னால் நாயைப் பட்டினி போடுவது போல முயலையும் கினிப் பன்றியையும் போடக் கூடாது. இவை வாந்தி எடுக்காது, பட்டினிதான் ஆபத்து. போகும்போது வழக்கமான புல்லையும் எடுத்துக்கொண்டு போங்கள். அமாக்ஸிசிலின் போன்ற கிருமிக்கொல்லி மருந்தை வாய்வழி கொடுத்தால் இவற்றின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, பிராணியே செத்துப்போகலாம். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைப் பக்கமே போகாதீர்கள்.

ஃபெரட்டுக்குத்தான் பிரஷ் உண்மையிலேயே வேலைக்கு ஆகும். பல்லில் காரை படிந்து ஈறு சிவப்பது அதற்குச் சகஜம். விரலில் மெல்லிய துணி சுற்றி வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்துப் பழக்கி, பிறகு சின்ன பிரஷ், பூனைக்கான பேஸ்ட், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. நம் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்கிற இனிப்பூட்டி அதற்கு விஷம்.

பியர்டட் டிராகன் என்கிற ஓணான் இனத்துக்குப் பக்கப் பற்கள் தாடை விளிம்போடு ஒட்டியே இருக்கும், போனால் திரும்ப முளைக்காது. பழத்தைக் குறையுங்கள். ஈறோரம் கறுத்தாலோ வீங்கினாலோ சுரண்டிப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முயலோ கினிப் பன்றியோ மருத்துவரிடம் பல்லைச் சமன் செய்துகொண்டு வீட்டுக்கு வந்த அன்று தானாகச் சாப்பிடாவிட்டால், மருத்துவர் தந்த தீனி மாவைக் குழைத்து சிரிஞ்சில் கொடுக்க வேண்டியிருக்கும். நேர் எதிரே நீட்டாமல், முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டில் நுழைத்து, கொஞ்சம் விட்டு, மென்று விழுங்கும்வரை காத்திருந்து, அடுத்த வாய். அவசரப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அன்று ராத்திரி புழுக்கை விழுகிறதா என்று பாருங்கள், விழவில்லை என்றால் மறுநாள் காலையிலேயே போன் போடுங்கள்.